கோட்டைக்கு நிலை வைத்த கிழமை

ஐப்பசி 10, திங்கள்

விடியவே மழை. பிளாஸ்டருக்குள் கால் கடி. சொறிய ஒரு ஈர்க்கு கேட்டேன், மருமகள் சாந்தி தரவில்லை. புண் வருமாம்.

கட்டில். யன்னல். யன்னலுக்கு வெளியே கோழிக்கூடு. வட்டக்கச்சிக்கு, மகன் வீட்டுக்கு, வந்த நாள் தொடக்கம் இதுதான். கோழிகளையாவது மத்தியானம் திறந்துவிடுகிறார்கள்.

பேத்தி துர்க்கா பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு என் போனை எடுத்துக்கொண்டாள். வரலாற்றுப் பாடத்துக்குப் பழைய கட்டடம் ஒன்றைக் கேமில் கட்டிக் காட்ட வேண்டுமாம், வெள்ளிக்கிழமை. கட்டை கட்டையாக அடுக்குகிற கேம். இந்த வீட்டில் அது ஓடுகிற போன் என்னுடையது மட்டும். அதில் பெருமைதான். ஆனால் ஒ.சு.விலிருந்து (ஒட்டுசுட்டான், முழுக்க எழுதக் கை நோகிறது) பாக்கியம் கோல் எடுப்பாள். அங்கே என் வீட்டுக்குப் பக்கத்து வளவுக்காரி. வீட்டைப் பூட்டின திறப்பு அவளிடம். வீட்டுப் புதினம் அவள் சொன்னால்தான் உண்டு.

"எந்தக் கட்டடம் பிள்ளை?"

"பூநகரிக் கோட்டை, அப்பம்மா."

"அது இடிஞ்செல்லோ கிடக்கு."

"நான் இடியாததைக் கட்டப் போறன்."

நல்ல வாய். என் வாய்தான்.

செவ்வாய்

மழை விட்டது. பிறகும் மழை.

து. என் கட்டிலில் இருந்துதான் கட்டுகிறாள், பிளக் இங்கே என்பதால். கோட்டை நாலு பக்கம். இரண்டு மூலையில் கொத்தளம். முருகைக் கல்லுக்கு எந்த நிறம் என்று கேட்டாள். பழைய பல்லு நிறம் என்றேன். சிரித்தாள், பொருத்தமான கட்டை ஒன்றைக் கண்டும் பிடித்தாள்.

பாக்கியம் எடுத்தாள். து. வெட்டிவிட்டாள்.

"சுவர் பாதியிலை நிக்குது அப்பம்மா, பிறகு எடுப்பம்."

பிறகு எடுக்கப் போனில் காசு இல்லை, ரீலோட் போட வேண்டும். மகனிடம் கேட்கலாம். கேட்கவில்லை. கக்கூசுக்குப் போவதற்கே ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, இதற்கும் கேட்பதா.

பின்னேரம் பெரிய சத்தம். "அப்பம்மா! நான் உள்ளுக்குள்ளை மாட்டுப்பட்டுப் போனன்!"

பார்த்தேன். நாலு சுவரையும் உள்ளே நின்று உயர உயரக் கட்டியிருக்கிறாள். வாசல் இல்லை. கேமில் இருட்டுப்பட்டுவிட்டது, பேய் மாதிரி ஏதோ உறுமுகிறது. சிரித்துச் சிரித்துக் கால் நொந்தது.

"ஆரடி நிலை வைக்காமல் சுவர் எழுப்பிறது?"

"நிலை எண்டா?"

"வாசல் மரச்சட்டம். அதிலைதான் கதவு கொழுவிறது. முதலிலை நல்ல நாள் பாத்து நிலை வைச்சு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அதுக்குப் பிறகுதான் சுவர்."

"கோட்டை கட்டின வெள்ளைக்காரன் மாவிலை கட்டினவனோ?"

"கல்லுக் கொத்தினது எங்கடை ஆக்கள்தானே."

சரியோ தெரியாது. விட்டுக்கொடுக்க மனமில்லை.

புதன்

வெயில் கொஞ்சம். மகன் குகன் விதைப்பு என்று வயலோடே கிடக்கிறான். சாப்பிட வந்தபோது கேட்டேன், பிளாஸ்டர் வெட்டினதும் எப்போது ஒ.சு. போகலாம் என்று.

"பாப்பம் அம்மா."

அவன் தகப்பனும் இப்படித்தான். பாப்பம் என்றால் இல்லை.

"அங்கை யானை வந்தால் என்ன செய்வியள்? ஓடுவியளோ?"

"இவ்வளவு நாளும் நான் ஓடேல்லை. யானைதான் ஓடினது."

சிரிக்கவில்லை. கை கழுவப் போய்விட்டான். பிறகு குசினிக்குள் மருமகளின் குரல்: "மாமிக்குச் சொல்லீட்டியளோ?" அவன்: "சொல்லுவன். நீ வாயை மூடு." எதை? கேட்க எழும்பிப் போகவும் முடியாது. சுவர் மெல்லிசு, ஆனாலும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

து.வுக்கு ஏன் சொன்னேனோ, கடைசிச் சண்டையில் ஊரை விட்டு வெளிக்கிட்டதைச் சொன்னேன். கூரைத் தகரம், கதவு, யன்னல் எல்லாம் கழற்றி லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றினோம். எல்லாரும் அப்படித்தான். நிலையை மட்டும் கழற்றவில்லை. கழற்ற விடமாட்டேன் என்று நின்றேன். நிலை நின்றால் வீடு நிற்கிறது. முகாமால் திரும்பி வந்தபோது சுவர் இல்லை, நிலை நின்றது. முதிரை மரம். அதைச் சுற்றித்தான் திரும்பக் கட்டினது.

கேட்டு முடியப் போனை எடுத்தாள். பிறகு முன்சுவர் முழுக்க உடைத்தாள்.

"நிலை என்ன நிறம்?"

"தேன் நிறம். மேல்சட்டத்திலை மஞ்சள் அடையாளம் இருக்கு. இடப்பக்கம் ஒரு வெடிப்பு."

வெடிப்பையும் வைத்தாள்.

வியாழன்

இருட்டு மழை. கரண்ட் இல்லை.

து. பள்ளிக்கூடம். போன் தலையணையடியில். சார்ஜ் அடிமட்டம், எல்லாம் கோட்டை தின்றுவிட்டது. பாக்கியம் எடுத்தாள்.

"அக்கா, நீங்களோ கழட்டச் சொன்னது?"

"என்னத்தை?"

"குகன் ஆக்களோடை வந்து நிக்கிறான். யானை பின்சுவரைத் தள்ளினதெல்லோ, அதைச் சொல்லத்தான் அண்டைக்கு எடுத்தனான். கள்ளர் கொண்டு போக முந்தி எடுக்கிறானாம். கதவு, யன்னல், தகரம் எல்லாம் ஏத்தியாச்சு."

வயலுக்கு என்றுதான் காலையில் வெளிக்கிட்டான்.

"நிலை?"

"அலவாங்கு வைச்சு நெம்பி..."

போன் செத்துவிட்டது.

சாந்தியைக் கூப்பிட்டேன். உன் போனைத் தா என்றேன். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "அவர் போனைத் தூக்க மாட்டார் மாமி. உங்களுக்கு நல்லதுக்குத்தான்." கண் கலங்கியிருந்தது. கெட்டவள் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எனக்குக் குளிருமாம்.

எழும்பப் பார்த்தேன். கதிரைவரை போய் அதில் இருந்துவிட்டேன். பிறகு கதிரையில் இருந்து கட்டிலுக்குத் திரும்ப முடியவில்லை. து. வரும்வரை அப்படியே. சாந்தியைக் கூப்பிடவில்லை.

மகன் பொழுதுபட வந்தான். வெறும் லாண்ட்மாஸ்டர். சாமான் பரந்தனில் கூட்டாளி வளவில், மழை விட்டால் நாளைக்கு வருமாம். நான் சோற்றைத் தொடவில்லை. அவனும் சாப்பிடவில்லை.

வெள்ளி

மழை இல்லை. போன் து.வோடு பள்ளிக்கூடம் போய்விட்டது.

பத்து மணிபோல லாண்ட்மாஸ்டர் சத்தம். தகரம், யன்னல், கதவு. எல்லாவற்றுக்கும் மேலே நிலை, படுத்தபடி, கயிறு போட்டு. பிரேதம் மாதிரி என்று எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

குகன் யன்னலடிக்கு வந்தான். உடம்பெல்லாம் சேறு.

"அம்மா, உங்கடை நிலை. ஒரு கீறல் இல்லாமல் எடுத்தனான். இந்த வீட்டோடை ஒட்டி உங்களுக்கெண்டு ஒரு அறை இறக்கிக் கட்டுவம். நாளைக்கு மேசன் வாறார். இதையே வைப்பம்."

அவனுக்குச் சந்தோசம். சின்னனில் மீன் பிடித்துக்கொண்டு வந்து காட்டுகிற முகம். ஏசத்தான் வாய் எடுத்தேன். வந்தது வேறு.

"அறையை இறக்கு. நிலை வைக்காதை."

"அப்ப வாசலுக்கு?"

"சீலை தொங்கவிடு."

"எணை அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ. அங்கை இனி என்ன கிடக்கு?"

"நிலம் கிடக்கு. நிலையை மாமரத்திலை சாத்து. கீழை கல்லு வை, கறையான் ஏறும். நான் நடக்குமட்டும் ஒருத்தரும் தொடக் கூடாது."

கயிற்றை அவிழ்த்தான். பிறகு கல்லுத் தேடிப் போனான்.

து. ஓடிவந்தாள். கோட்டைக்கு வாசலில் மாவிலை கட்டியதற்கு வகுப்பில் பகிடியாம், "கோட்டையோ கோயிலோ?" என்று. ரீச்சர் ஏன் வைத்தாய் என்று கேட்க, கொத்தினது எங்கடை ஆக்கள் என்றாளாம். ரீச்சர் அதைப் படம் எடுத்தாவாம். சொல்லிக்கொண்டே வந்தவள் மாமரத்தடியில் நின்றுவிட்டாள். இடப்பக்க வெடிப்பைத் தடவினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். யன்னலால் தலையாட்டினேன்.

பின்னேரம் கோழிகளைத் திறந்துவிட்டார்கள். நிலைக்குள்ளால் போகின்றன, வருகின்றன. மழைக்கு முதல் தறப்பாள் போட்டு மூடச் சொல்ல வேண்டும்.