திரும்பி வருவார் என்று நம்ப இடமில்லை

மார்ச் 3
வெளியேறும் அனுமதி கேட்ட மனு மூன்றாம் முறையாகத் திரும்பிவிட்டது. காரணம்: "மனுதாரர் திரும்பி வருவார் என்று நம்ப இடமில்லை." மகள் கல்யாணம் ஏப்ரல் 12, வெளிநாட்டில். நான் இல்லாமலே நடந்துவிடும்போல.

மார்ச் 5
அனுமதி அலுவலகம், ஏழாம் எண் கவுன்ட்டர். கோப்பைப் புரட்டியபடியே அந்தப் பெண் கேட்டாள்: "சம்சாரம் அங்க, பொண்ணு அங்க. இங்க உங்களுக்கு யார் சார் இருக்கா?"

"சொந்த வீடு இருக்கு."

"வீட்டை அப்படியே போட்டுட்டுப் போனவங்க போன வருஷம் நாலாயிரம் பேர். வீடு செல்லாது."

"இருபத்தாறு வருஷமா கல்லூரி நூலகர்."

"அதுல இருந்து தப்பிக்கத்தானே சார் போறாங்க."

ஆள் வேண்டுமாம். உறவினர் கூடாது, பத்து வருடமாவது என்னைத் தெரிந்திருக்க வேண்டும், நான் திரும்புவேன் என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். நான் வராவிட்டால் அவருக்கு இரண்டு வருடம் சிறை.

மார்ச் 9
பத்து வருடமாகத் தெரிந்தவர்கள்: பதினேழு பேர். இவர்களில் பேச்சுவார்த்தை உள்ளவர்கள் — யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 11
யாருமில்லை. தலைமை நூலகர் பதவியை என்னிடமிருந்து தட்டிப் பறித்தவனிடமே போய்ப் பல்லிளித்தேன். "நீங்க திரும்பி வரணும்னு நான் ஏன் சார் எழுதித் தரணும்?" என்றான். கேள்வி நியாயமாக இருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 16
மறுபடி ஏழாம் கவுன்ட்டர். "நல்லவிதமாத் தெரிஞ்சிருக்கணும்னு விதியில இல்லையே சார். தெரிஞ்சிருந்தாப் போதும்."

மார்ச் 17
பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரன். என் மனையில் ஒன்பது அங்குலம் தள்ளிச் சுவர் எழுப்பியவன். பதினோரு வருடமாக வழக்கு நடக்கிறது. அவன் கடைப் படியேறினேன். படியேறிய இந்தக் காலை வெட்டிப் போடலாம்.

விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "யோவ் லைப்ரரி, உன்னை நாடு கடத்துங்கன்னு நானே மனு போடலாம்னு இருந்தேன்யா!"

சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்தான். எழுதினான்: "இவரைப் பதினோரு வருடமாக அறிவேன். ஒன்பது அங்குலத்தை எனக்கு விட்டுவிட்டு உலகில் எந்த மூலையிலும் இவரால் தூங்க முடியாது. மே 6 வாய்தாவுக்குக் கட்டாயம் வந்துவிடுவார்."

என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை.

ஏன் கையெழுத்துப் போட்டான்? நான் கேட்கவில்லை. மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே அவனாகச் சொன்னான்: "என் பையன் கல்யாணத்துக்கு என்னை விடலை. போன்லதான் பார்த்தேன். பாதியில சார்ஜ் போயிடுச்சு."

மார்ச் 28
அனுமதி கிடைத்தது, இருபத்தொரு நாளுக்கு. நிபந்தனை: நான் திரும்பும்வரை வழக்கு நடக்க வேண்டும். சமாதானமாகிவிட்டால் அனுமதி ரத்து.

ஏப்ரல் 1
எங்கள் பகையைச் சரிபார்க்க ஓர் ஆய்வாளர் வந்தார். சுவரின் இரு பக்கமும் நின்று கத்தினோம். முதலில் எனக்குக் கோபம் வரவே இல்லை. அவன் என் அம்மாவை இழுத்தான் பாருங்கள், நிஜமாகவே ரத்தம் கொதித்தது. செருப்பைக் கழற்றிவிட்டேன். ஆய்வாளருக்குப் பரம திருப்தி.

ஏப்ரல் 12
மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டேன். முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் அவள் அம்மா. சண்டை போட எதுவும் அகப்படவில்லை. அவளுக்கும்தான்.

ஏப்ரல் 19
மகள் சொல்கிறாள்: "இங்கயே இருந்துடுங்கப்பா. வக்கீல்கிட்ட பேசிட்டேன். வந்தவங்க யாருமே திரும்பிப் போறதில்லை."

சரிதானே? அங்கே என்ன வைத்துவிட்டு வந்திருக்கிறேன்? எனக்கு அறை கூட ஒழித்துவைத்திருக்கிறாள்.

நான் போகாவிட்டால் ஒருவர் உள்ளே போவார் என்றேன்.

"அவர் உங்களுக்கு என்ன வேணும்ப்பா?"

திரும்பும் டிக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.

ஏப்ரல் 27
விமானத்தில் எழுதுகிறேன். பக்கத்து இருக்கை காலி. முன்வரிசை, பின்வரிசை, எல்லாமே காலி. சரியான விமானத்தில்தான் ஏறியிருக்கிறேனா என்று பணிப்பெண் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டாள்.