தோளில் நின்ற சுவர்

பிப்ரவரி 8, ஞாயிறு

நாடகம் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மேடையிலிருந்த வீட்டுச் சுவர் ஆடியது. ப்ளைவுட்தான், ஆனால் நல்ல உயரம், நல்ல கனம். அதன் முன்னால் நின்று எங்கள் நடிகை கயல் வசனம் பேசிக்கொண்டிருந்தாள். மேடை மேலாளர் நான். நாடகத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று நான்தான் முடிவெடுக்க வேண்டும். செட் போட்டவர் என் வீட்டுக்காரர். ஹெட்செட்டில் அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, செவுரு ஆடுதுங்களே?"

"ஒண்ணுமில்ல அம்மணி. நீ நடத்து."

சுவர் ஆடுவதும் நின்றுபோனது. நம்பி நடத்தினேன்.

கைதட்டல் அடங்கியதும் பின்னால் போனால், சுவருக்கு முட்டுக்கொடுத்த மரச்சட்டம் முறிந்து கிடக்கிறது. இவர் சுவரைத் தோளில் தாங்கி நிற்கிறார். அந்தப் பாதி முழுக்க அப்படியே நின்றிருக்கிறார். ஓடிப்போய் நானும் தோள் கொடுத்தேன்.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனுங்க!"

"அதுக்குத்தான் சொல்லல."

"கயல் மேல உழுந்திருந்தா? உங்க மேல உழுந்திருந்தா?"

ஆட்கள் வந்து வேறு சட்டம் அடிக்கும்வரை, இருவரும் சுவரைத் தாங்கிக்கொண்டே சண்டை போட்டோம். பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

அவர் சட்டையைக் கழற்றியபோது தோள் கன்றிச் சிவந்திருந்தது. தைலம் தேய்த்தேன்.

"இனிமே சொல்லிப்போடறேன்" என்றார். அப்படியே தூங்கிவிட்டார்.

எனக்குக் கோபம் போகவில்லை. தைலம் காய்ந்திருக்கும். இன்னொரு தரம் தேய்த்துவிட்டுப் படுக்கிறேன்.