தண்ணியில் போகிற கப்பல்

ஜார்ஜ்டவுன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்பது மட்டும்தான் குறை. சிங்கப்பூரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் "சரி, அப்புறம்?" என்று கேட்டதுமே "ஒன்றுமில்லை" என்று போனை வைத்துவிடுவேன், அதனால் எழுதி, அங்கே லாரி ஓட்டிவரும் ஹாஃபிஸ் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன்.

பாதியில் விட்ட படிப்பைத் தனியாகப் பரீட்சை எழுதி முடித்ததும் படையில் சேரப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, எந்தப் படை என்று போன மாதம் அப்பா கேட்டார். "கப்பல்லப்பா" என்றேன், அவ்வளவுதான் எனக்கு வாயில் வந்தது. அப்பாவுக்கு வானத்தில் போவதும் கப்பல்தானே, குணவதி அத்தையை விமான நிலையத்தில் விட்டுவந்தபோதுகூட "கப்பல் ஏத்திட்டேன்" என்றுதானே சொன்னார். நான் வான்படைக்குப் போவதாக நினைத்துக்கொண்டு, முகாம் எதிர்க்கரை பட்டர்வொர்த்தில்தான், லீவு கிடைத்தால் பெரிப் படகில் ஏறிச் சாப்பிட வந்துவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அந்தக் கரையில் பாகான் டாலாமில் இருக்கும் அத்தை எனக்காக ஓர் அறையையே ஒழித்து வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சீனி முகம்மது மாமா டீக்கடையில் அப்பா அதே பெருமையைத் தன் கூட்டாளி சந்திரசேகரன் அங்கிளிடம் சொன்னார், அங்கிள் "இந்தப் பிள்ள வாயே தொறக்காதே, மேல போயி மைக்ல என்னா பேசும்லா" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று, "ஆகாயக் கப்பல் இல்ல அங்கிள், தண்ணியில போற கப்பல், கடற்படை" என்றேன். தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த மாமாவின் கைகூட நின்றுவிட்டது. அப்பா, "பெரியிலயே கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிப்ப, நீ கடலுக்குப் போறியா?" என்றார். அங்கிள் அப்பாவைப் பார்த்து, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குலா கடலு, மாத்தச் சொல்லு தயா" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவும் அதையே சொன்னார், எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டதாம், வான்படைக்கே மாற்றிக்கொள்ள வேண்டுமாம். "நீங்க சொல்லிட்டீங்கங்கிறதுக்காக நான் பறக்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டேன்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும்போது பெரியில் நான் கம்பியைப் பிடித்தது பயத்தில் இல்லை அம்மா, கீழே இன்ஜின் ஓடுவது கைக்குத் தெரியும், அதற்காகத்தான். எனக்கு அந்த இன்ஜின் வேலைதான் வேண்டும். தரைப்படையும் வான்படையும் மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுச் சோற்றுக்கு எது பக்கம் என்று பார்த்துப் படையைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். நீங்கள் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோதும் பொம்பளைக்கு எதுக்கு என்று கேட்டது இதே அங்கிள்தான், நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தீர்கள்.

அப்பாவை நினைத்துக் கவலைப்படாதீர்கள், கோபத்திலும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறார். நீங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்காதீர்கள், மாடிப்படி ஏறாதீர்கள். வியாழக்கிழமை எனக்குக் கடற்படையில் ஆள் எடுக்கும் தேர்வு, அப்பா கூட்டிப் போகாவிட்டால் தனியாகப் பஸ் ஏறிவிடுவேன். உங்கள் ஆசீர்வாதம் வேண்டும், அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. வேண்டாம் என்று சொல்வதானால் அன்றைக்குக் கூப்பிடாதீர்கள், எடுக்க மாட்டேன். போய் வா என்று சொல்வதானால் விடிவதற்குள் கூப்பிடுங்கள் அம்மா, நான் பேசுகிறேன்.

உங்கள் மகள்
லோஷினி