சின்னப் படத்தில் ஒருத்தி

புதன், இரவு.

நானும் என் தோழி மலரும் சேர்ந்து தொடங்கிய வீடியோ கேம் நாளைக்கு ஆன்லைன் கடையில் வருகிறது. கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு அவள் இதைத் தொடவே இல்லை. மீதியை நான் தனியாகத்தான் முடித்தேன்.

கடையில் காட்டுகிற சின்னப் படத்துக்கு, இரண்டு பெண்கள் கரிசல் காட்டில் கைகோத்து ஓடுவதுபோல வரைந்திருந்தேன். ஒருத்தி நான், இன்னொருத்தி மலர். காலையில் அதை அம்மாவிடம் போனில் காட்டினேன்.

"என்னத்தா இது, ரெண்டு கோழி சண்ட போடுதா?" என்று கேட்டாள்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சொன்னதும் சரிதான். தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினால் இரண்டு உருவமும் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்பாகத் தெரிகிறது. ஒருத்தியை எடுத்தால்தான் மற்றவளுக்கு முகம் கிடைக்கும். மத்தியானம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலரை அழிக்கக் கை வரவில்லை. என்னை அழித்துவிட்டு, அவள் முகத்தைப் பெரிதாக வரைந்தேன். வெயில் பட்ட மஞ்சள் முகம், பின்னால் வெறும் கறுப்பு மண். பளிச்சென்று இருந்தது.

சாயங்காலம் அதை மலருக்கு அனுப்பினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவளிடமிருந்து உடனே பதில் வந்தது.

"நல்லாருக்குடி, இதையே போடு. இதுல இருக்குறது நீதான?"

ஆமாம் என்று அனுப்பிவிட்டுப் படத்தைக் கடையில் ஏற்றினேன்.