அம்மா பாம்புக்கு இரை கொடுத்தாள்

அன்பு மகள் இமோஜனுக்கு,

அப்பா எழுதுவது. ஒஹாயோவில் நாங்கள் இருவரும் நலம், மழைக்கு முன்னால் என் முழங்கால் மட்டும் முனகுகிறது. அலாஸ்காக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்புகிறேன்.

வீட்டில் இப்போது ஒரு பாம்பு இருக்கிறது. பயப்படாதே, விஷமில்லாதது, மிரண்டால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு, மூன்றரை அடி. விலங்குக் காப்பகத்துக்குப் பூனை எடுக்கத்தான் போனோம். யாரோ வீட்டைக் காலி செய்தபோது இதை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள், முதுகெலும்பு துருத்திக்கொண்டு கிடந்தது. மண்புழுவைக் கண்டாலே நாற்காலியில் ஏறும் உன் அம்மா அதன் முன்னால் நின்றவள் நகரவில்லை. "பூனைய யாராவது எடுத்துக்குவாங்க, இத யாரு எடுப்பா?" என்றாள்.

கெடுத்தவன் நான்தான். வந்த மறுநாளே வெளியே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ஹார்லனிடம் காட்டப் போய்விட்டேன், தினமும் அதே வேலை. அதில் மிரண்டு, எலி கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று வாரம் போனது. இன்னும் பத்து நாளில் தின்னாவிட்டால் தொண்டையில் குழாய் விட வேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்குமா தெரியாது என்றார் விலங்கு டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அது என்ன உங்க பட்டறைக்கு வந்த வண்டியா, வந்தன்னிக்கே மூடியத் தொறந்து கைய விட?" என்றாள். முப்பத்தெட்டு வருஷ மெக்கானிக் நான், பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

அன்றோடு பொறுப்பு அவளுடையது. கண்ணாடிப் பெட்டியின் மூன்று பக்கமும் துணியால் மறைத்தாள், ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளுமை, ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் கவிழ்த்த பூந்தொட்டி. தண்ணீர் மாற்றுவதற்குத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. "தொட்டீங்கன்னா உங்களுக்கும் சாப்பாடு கெடையாது" என்றாள், விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஃப்ரீசரில் இருந்த எலியை உருக வைத்து, பையோடு வெந்நீரில் போட்டு, கதகதப்பானதும் துடைத்து, நீண்ட இடுக்கியால் பிடித்து உள்ளே நீட்டினாள். நான் செய்கிறேன் என்றேன், வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். அவள் கை நடுங்கியது, அந்த நடுக்கத்தில் செத்த எலிக்கு உயிர் வந்தாற்போல இருந்தது. பாம்பு மெல்ல நாக்கை நீட்டியது, அடுத்த நொடி பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டது. அம்மா கத்தவில்லை, இடுக்கியை நழுவ விடவில்லை, சத்தமில்லாமல் மூடியைச் சாத்தினாள். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இரை செரிக்க முழுதாய் இரண்டு நாள் விட்டுவைத்தாள். மூன்றாம் நாள் தலைக்கு மேலிருந்து வராமல், பக்கவாட்டில் கைகொடுத்து உடம்பைத் தாங்கித் தூக்கினாள். அது அவள் சட்டைக் கைக்குள் ஏறியது. "அசையாதீங்க, என்னைய மரம்னு நெனச்சிருச்சு" என்றாள், அசையாமல் நின்றது அவள்தான். நாற்பது வருஷம் இவளோடு குடும்பம் நடத்தியும் இந்த லோர்னாவை எனக்குத் தெரியாது மகளே, தெருவில் நிற்பவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது பாம்பைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவு, நாய் எதையாவது தொட்டிருந்தால் அந்த வாடையோடு கிட்டே போகாதே, இரையென்று நினைத்துவிடும். உடம்பைப் பார்த்துக்கொள், நீ நினைத்தது எல்லாம் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடும்போது இந்தக் கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. அவள் வாயால் சொல்லட்டும், குறுக்கே பேசாமல் கேள்.

என்றும் உன்
அப்பா ரோலண்ட்