பிலோவுக்குச் செய்த சோலார் பேனல்

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். புழுக்கம். பேனல் முடிந்தது. முப்பத்தாறு செல், எல்லாம் ஒரே தொடராகப் பற்றவைத்தது. மேலே கண்ணாடி, ஓரமெல்லாம் சிலிக்கான் பசை. பற்றவைத்தது என் வீட்டுக்காரர் விட்டுப்போன சால்டரிங் அயர்னில்தான். பின்பக்கமும் முன்பக்கம் போலவே சுத்தம். நான் படித்த கான்வென்டில் தையலைத் திருப்பிப் பார்த்துத்தான் மதர் மார்க் போடுவார்.

வெயிலில் மீட்டர் வைத்தேன். இருபது வோல்ட். திருப்தி.

சிதம்பரத்தில் தனியாக இருக்கும் தங்கை பிலோவுக்கு இது. ஆஸ்துமா. மழையில் கரண்ட் போனால் அவள் மூச்சுக்கு மருந்து கொடுக்கும் நெபுலைசர் நின்றுவிடும். போன வருடம் பட்டது போதும்.

அவள் மகன் அருள் கோயம்புத்தூரிலிருந்து போனில்: "கடையில ரெடிமேடா கிடைக்குது பெரியம்மா. இந்த வயசுல எதுக்கு?"

வயசைப் பற்றி அவனிடம் யார் கேட்டது.

அக். 10, வெள்ளி

வாடகை வண்டியில் சிதம்பரம். வழியெல்லாம் கண்ணாடி உடையாமல் கையால் பிடித்துக்கொண்டேன். பிலோ வீட்டு மொட்டைமாடியில், தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்தாயிற்று. பேட்டரியும் இன்வெர்ட்டரும் அவள் கட்டிலருகே. நெபுலைசர் ஓடியது. பிலோ கைதட்டினாள்.

கிளம்பும்போது காற்று. கடலூரில் புயல் பார்த்தவர்கள் டேங்க் மூடியைக்கூடக் கட்டித்தான் வைப்போம். படகுக் கயிறு கொண்டுபோயிருந்தேன், கட்டை விரல் கனம். பேனல் மேல் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டினேன்.

பக்கத்து வீட்டுக் கலா கீழேயிருந்து: "பேனலா, இல்ல மாட்டைக் கட்டுறீங்களாம்மா?"

இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

அக். 16, வியாழன்

வாங்க: ரவை, மெழுகுவர்த்தி, முழங்கால் தைலம்.

பிலோவுக்குப் போன். "நல்லா ஓடுதுக்கா. ஒரு குறையும் இல்ல." குரலில் லேசாக இரைப்பு. கேட்டேன். மாடிப்படி ஏறினாளாம். பேட்டரி விளக்கு பச்சையா?

"பச்சைதாங்கா. பரீட்சை வைக்கிறியா?" சிரித்தாள்.

அக். 21, செவ்வாய்

விடாத மழை. காலையில் கலா போன்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா. நேத்து மத்தியானம் கரண்ட் போச்சு. உங்க பேட்டரி அஞ்சு நிமிஷம்கூட தாங்கல. அவுங்க உதடெல்லாம் நீலமாயிடுச்சு. ஆட்டோல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கிட்டுப் போனோம்."

முன்பே கோளாறா என்றேன்.

"ரெண்டாம் நாள்லேர்ந்தே செவப்பு லைட்டுதான். அக்கா பாவம், கஷ்டப்பட்டு செஞ்சுது, சொல்லாதன்னாங்க. சொன்னா மூஞ்சிய தூக்கி வச்சுக்கும்னாங்க."

பஸ் பிடித்துப் போனேன். பிலோ மூக்கில் குழாய். "ஒண்ணும் இல்லக்கா." நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "இவ்ளோ நேரம் ஏன் வச்சிருந்தீங்க?"

மூச்சு நிற்பதைவிட நான் முகம் சுளிப்பதற்குப் பயந்திருக்கிறாள்.

ஜெபமாலை எடுத்தேன். பாதியில் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

அக். 23, வியாழன்

வெயில் அடித்தது. பிலோ இட்லி சாப்பிட்டாள். அவளை வார்டில் விட்டு அவள் வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். மீட்டரில் வோல்ட் இருக்கிறது. கரண்ட் ஏறவில்லை. கயிற்றை அவிழ்த்தேன், மீட்டர் முள் ஏறியது. கயிற்றைக் கண்ணாடி மேல் திரும்ப வைத்தேன், முள் இறங்கியது.

ஒரே தொடர். ஒரு செல் நிழலில் கிடந்தால் மற்றவையும் முடங்கும். புத்தகத்தில் படித்ததுதான். கயிற்றுக்கு அடியில் ஒரு செல் சூடேறிப் பழுப்பாகியிருக்கிறது. கட்டியபின் ஒரு தடவை மீட்டர் வைத்திருக்கலாம்.

வேறொன்று செய்துவிடலாம் என்று கை பரபரக்கிறது. அதற்குள் மழை வரும்.

அருள் வந்திருந்தான். "கடையிலயே வாங்கு. அவங்க ஆள் வந்து மாட்டட்டும்" என்றேன்.

"நீங்களா பெரியம்மா சொல்றீங்க?"

மறுபடி சொல்லவைத்தான்.

அக். 26, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பிலோ வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைப் பேனல் நேற்றே மாட்டியாயிற்று. சட்டம் இடப்பக்கம் கொஞ்சம் இறக்கம். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

அவளுக்கு ரசம் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"உப்பு ஜாஸ்திக்கா."

சரி, வேறென்ன குறை என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறாள்.