மூடிய படகை நம்பாதவளுக்கு

இன்று காலை, மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த மாடி அறையைத் திறந்தேன். பூஞ்சை பிடித்த மெத்தையின் நெடி முகத்தில் அடித்தது. பிரேசர் டவுனில் என் வீட்டு மாடி வாசற்படியிலேயே நீ நினைவில் வந்து நின்றுவிட்டாய், மூக்கைச் சுருக்கிக்கொண்டு. "தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடாத. காத்து ஏன் போகலைன்னு தேடு."

பீன்யாவில் நாம் வேலை பார்த்த தொழிற்சாலையில் நீ தர ஆய்வுப் பிரிவு. 'சரி' என்று வந்த எந்தப் பாகத்தையும் சரியென்று நீ ஒரே பார்வையில் ஏற்றதில்லை. ஓய்வு பெற்றதும், ஆனேக்கலைத் தாண்டி ஓர் ஏரியில் சின்ன கேபின் வைத்த பழைய ஃபைபர் படகை இருவரும் சேர்ந்து வாங்கினோம். "பொம்பளைங்களுக்கு எதுக்கு போட்?" என்று என் தம்பி சிரித்தான். நீ அவனையும் சந்தேகமாகத்தான் பார்த்தாய்.

மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி விட்டுவிடுவோம். முதல் வருடம் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் உள்ளே சுவரெல்லாம் நீர்த்துளி. கூரை ஒழுகுகிறது என்றேன். நீ விரலால் தடவிப் பார்த்தாய். "ஒழுகலடி. மூச்சு முட்டி வேர்த்திருக்கு." மறு வருடம் முன்னும் பின்னும் மழை புகாத காற்றுக்குழாய் வைத்தாய், தார்ப்பாயைக் கூடாரம்போல உயர்த்திக் கட்டினாய், மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்தே விட்டாய்.

மழை விடாத அந்த ஐப்பசியில் நாம் போன பகல் நினைவிருக்கிறதா? சாவி வைத்திருந்த காவல்காரர் மாதப்பாவைக் கரையில் காணோம். படகின் பூட்டு திறந்திருந்தது. கதவு உள்பக்கமாகச் சாத்தியிருந்தது. இரண்டு குழாய்களிலும் யாரோ கோணித்துணியைத் திணித்திருந்தார்கள்.

"உள்ள எவனோ இருக்கான். வெளியே பூட்டிட்டு போலீசக் கூப்பிடலாம்" என்று உன் காதில் சொன்னேன்.

நீ கதவில் உள்ளங்கையை வைத்தாய். "சூடா இருக்கே. திருடன் எதுக்குக் காத்த அடைக்கணும்?"

கேட்டபடியே துணிகளைப் பிடுங்கி எறிந்தாய். கேபின் கூரையின் முன்பக்க மூடியைத் தூக்கும்படி என்னிடம் கத்திவிட்டு, பின்கதவை இழுத்துத் திறந்தாய். கணகணவென்று ஒரு கரியடுப்பு. அதன் பக்கத்தில் மாதப்பா சாய்ந்து கிடந்தார். நான் உள்ளே பாய்ந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "நீயும் விழுந்துடுவ, நில்லு!" வாசலில் நின்றபடியே அவர் கால்களைப் பற்றி இருவரும் இழுத்தோம். மழையில் கிடத்தியதும் வாந்தியெடுத்தார்.

"ஈரம் புடிச்சுது மேடம்... காய வெக்கலாம்னு... தலை நோவுது..." என்றார். ஆட்டோவில் உன் மடியில் அவர் தலை. ஆஸ்பத்திரியில் கரியடுப்பின் விஷவாயு என்று ஆக்சிஜன் வைத்தார்கள், பிழைத்துவிட்டார்.

"நல்ல மனசோடதானே செஞ்சாரு" என்றேன், திரும்பும் வழியில்.

"மனசு நல்லதுதான். புகையில்லாத கரிய மட்டும் நம்பாத."

போன வருடம் உன் படுக்கையருகே நர்ஸ் "எல்லாம் நார்மல், ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். தொழிற்சாலையில் பாகத்தைத் திருப்பி அனுப்பும் முன் பார்ப்பாயே, அதே பார்வை. அந்த முறை உன் சந்தேகம் தப்பாக இருக்கவேண்டும் என்று எத்தனை வேண்டினேன் தெரியுமா? அது தப்பாகவில்லை; நீ வீடு திரும்பவே இல்லை.

படகை விற்கச் சொல்கிறான் தம்பி. நான் கேட்கவில்லை. மழை வலுத்தால் மாதப்பா அவராகவே போன் செய்கிறார். "குழாயெல்லாம் தொறந்தே இருக்கு மேடம். உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்ல. நம்புங்க."

நம்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஆனேக்கல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறேன்.